டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவின் சரிதச் சுருக்கம்

பெண்ணையாற்றுப் பாசனத்தால் செழித்த திருவெண்ணெய்நல்லூரில் பிறந்தவர்க்கெல்லாம் இளமையிலேயே காதில் விழும் பெயர் சடையப்ப வள்ளலின் பெயராகும். கம்பரைப் புரந்த அவ்வள்ளல் தாமாக ஒரு காவியமும் இயற்றினாரல்லர். எனினும் காவியம் இயற்ற வல்ல ஒருவரைக் கவலையின்றி வாழச் செய்தார். அந்நன்றியை மறவாத கவிஞர் தம் இராமகாதையுள் ஆங்காங்கே அவர் பெயரை வைத்துப் போற்றினார். உதவியவன் மறைந்து நிற்பதும், உதவி பெற்றவன் அவனை வெளிப்படுத்துவதும் ஆகிய இவ்விரண்டும் சேர்ந்தவிடத்தே நன்றி என்னும் அறம் முற்றுப்பெறுகின்றது.

ஆயின் உலகத்தார் பலர் தம் உயிரையே கடனாகப் பெற்றிருந்தும், கொடுத்தவர் பெயரை அறியாதிருக்கின்றனர். அத்தகைய பெருங்கடன் ஒன்றினை நம் கல்லூரி மாணவர்க்கு நினைவூட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். சென்னையில் நம்மைப்போல் பரீக்ஷைக்கு அஞ்சி, நம்மைப்போல் தோல்வியுற்று, பின்னர் மனித குலத்தின் மருந்துப் பேழையையே மாற்றியமைத்த டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12-ஆம் நாள், அக்காலச் சென்னை இராஜதானியைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். தந்தையார் ஜகந்நாதம் ரெவின்யூ இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். தாயார் பெயர் வெங்கம்மா. மக்கள் எழுவருள் இவர் நான்காமவர். தந்தையார் நோயுற்று வேலையை விட்டமையால் குடும்பத்தில் வறுமை புகுந்தது. பதின்மூன்று வயதில், காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருள் ஈட்டலாம் என்று எண்ணி வீட்டை விட்டு ஓடினார் என்றும், வழியிலேயே பிடித்துத் திருப்பி அழைத்து வரப்பெற்றார் என்றும் அவர் வரலாற்றை எழுதினோர் கூறுவர். மகனைக் கல்வியினின்றும் விலகவிடாது நிறுத்தியது அன்னையின் கண்டிப்பே.

கல்வியிலும் அவர் ஆரம்பத்தில் பிரகாசித்தாரல்லர். மெட்ரிகுலேஷன் பரீக்ஷையில் இருமுறை தவறினார். சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று மூன்றாம் முறையே தேறினார். பிரஸிடென்ஸி கல்லூரியில் சேர்ந்தபின் அவர் மனம் துறவின்பால் திரும்பியது. இராமகிருஷ்ண மடத்தை அணுகினார். தாயார் அனுமதி தாராமையால் துறவு கைகூடவில்லை. நோயாளிகளுக்குத் தொண்டு செய்வதும் ஒரு துறவே என்னும் எண்ணம் நாளடைவில் அவர் உள்ளத்தில் வேரூன்ற, 1915-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் புகுந்தார்.

அக்காலத்தே அவர் குடும்பத்தில் பேரிடி விழுந்தது. குடலைப் பற்றி உடலின் சத்தையெல்லாம் உறிஞ்சி, இரத்தத்தை வெளிறச் செய்யும் ஸ்புரூ என்னும் நோயால் அவருடைய சகோதரர் இருவர் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தனர். அவரையும் அந்நோய் பற்றியது. ஆயுர்வேத வைத்தியரான டாக்டர் ஆசண்ட லக்ஷ்மீபதியின் சிகிச்சையால் பிழைத்தார். தாம் கற்கும் மேனாட்டு வைத்திய நூல்களில் இந்நோய்க்கு மருந்தில்லை என்பதை மாணவராயிருந்தபோதே தம் குடும்பத்தின் துயரத்தால் அவர் உணர்ந்தார். அவர் வாழ்நாள் முழுவதையும் இயக்கிய விசை இதுவே என்று கொள்ளுதல் மிகையாகாது.

1919-இல் சேஷகிரி என்னும் நங்கையை மணந்தார். மாமனார் கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி அவருடைய படிப்புக்கும் பொருளுதவி செய்தார். அவை காந்தியடிகளின் சுதேசி இயக்கம் நாடெங்கும் பரவிய நாட்கள். சுப்பாராவ் சத்திரசிகிச்சை வகுப்பிற்குக் கதர் அங்கி தரித்துச் சென்றார். அதனால் ஆங்கிலப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாயினார். ஏனைய பாடங்களில் நன்கு எழுதியிருந்தும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதனிற் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. அரசாங்க வைத்திய உத்தியோகம் கைகூடாமையால், தம் உயிரைக் காத்த லக்ஷ்மீபதியாரின் ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூற்று ஆசிரியராக அமர்ந்தார். ஒரு துணியின் நூல் ஒரு மனிதனின் பட்டத்தைத் தீர்மானித்த காலம் அது. ஆயினும் அப்பட்டக் குறைவே அவரைக் கடல் கடக்கத் தூண்டியது.

மேனாடு செல்லப் பொருள் வேண்டுமன்றோ? ஈண்டுத்தான் நம் சடையப்ப வள்ளலை மீண்டும் நினைக்கின்றோம். காக்கிநாடாவில் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் பெயரால் விளங்கிய தரும ஸ்தாபனம் அவருக்கு உதவ முன்வந்தது. எஞ்சியதை மாமனார் அளித்தார். அத்தருமத்தை நிறுவிய வணிகர் இரசாயனம் அறிந்தவரல்லர். தாம் விட்டுச் சென்ற பொருள் எந்நோய்க்கு மருந்தாகுமென்று அவர் கனவிலும் எண்ணியிருக்க இயலாது. கொடையின் பெருமை அதன் பலனை முன்கூட்டியே அறிய முடியாமையில் இருக்கின்றது.

மனைவியை ஊரில் விட்டு, சில ஆண்டுகளில் திரும்புவதாகக் கருதி, அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார் சுப்பாராவ். ஹார்வர்டு சர்வகலாசாலையில் உஷ்ணதேச வைத்தியம் பயின்றார். அங்கே வைத்தியத் தொழில் நடத்தும் உரிமை இல்லாத அவர், ஆஸ்பத்திரி ஒன்றில் இரவுநேர ஏவலாளராக நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைத் துலக்கி வயிறு வளர்த்தார். பகலில் ஆராய்ச்சி, இரவில் ஏவல் என்று அவர் நாட்கள் கழிந்தன.

ஹார்வர்டில் சைரஸ் பிஸ்கே என்னும் இரசாயன அறிஞருடன் சேர்ந்து அவர் செய்த முதற் பெரும்பணி, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையாகும். குறித்த சில திராவகங்களைச் சேர்த்தால் பாஸ்பரஸின் அளவுக்கேற்ப நீலநிறம் தோன்றும். நிறத்தின் ஆழத்தைக் கொண்டு பொருளின் அளவை அறியலாம். 1925-இல் வெளிவந்த இம்முறை இருவர் பெயராலும் வழங்குகின்றது. உயிர் இரசாயனம் பயின்ற மாணவர் பலர் தம் ஆய்வுக்கூடத்தில் அந்நீல நிறத்தைக் கண்டிருப்பர். அதனுள் மறைந்துள்ள மனிதரை அறிந்திரார்.

அம்முறையே மேலும் இரு பெருங் கண்டுபிடிப்புகளுக்கு வாயிலாயிற்று. 1927-இல் தசையினுள் உள்ள பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளையும், 1929-இல் ஏ.டி.பி. என்று சுருங்க வழங்கும் பொருளையும் இருவரும் வெளிப்படுத்தினர். ஏ.டி.பி.யை ஜெர்மனியில் லோமன் என்பவரும் அதே காலத்தில் தனியே கண்டறிந்தார். நாம் நடப்பதும், இதயம் துடிப்பதும், கண் இமைப்பதும் இப்பொருளில் அடங்கிய சக்தியின் செலவினால் என்பது இன்று பள்ளிச் சிறுவரும் படிக்கும் பாடமாகும். 1930-இல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆயின் ஹார்வர்டில் நிரந்தர உத்தியோகம் அவருக்குக் கிட்டவில்லை. தம்முடன் உழைத்தவர்க்கே பெரும்பங்கு புகழ் சேருமாறு அவர் ஒதுங்கி நின்றதும் அதற்கொரு காரணமென்பர்.

நிற்க. அவருடைய ஆராய்ச்சிகள் அனைத்தையும் ஒரே சொல்லில் அடக்கிக் கூறுவதாயின், பிரித்தெடுத்தல் என்று கூறலாம். இயற்கை எப்பொருளையும் தனியே வைப்பதில்லை. ஈரலில் சத்து உண்டு; அதனோடு ஆயிரம் பொருள்களும் உண்டு. வண்டல் கலங்கிய புதுப்புனலில் தேற்றாங்கொட்டையை இழைத்துத் தெளியச் செய்வது நம் முன்னோர் அறிந்த வித்தை. அதில் வேண்டாதது அடியிற் படியும், வேண்டிய நீர் மேலே நிற்கும். மருந்து இரசாயனத்திலோ வேண்டிய பொருள் மிகச் சிறிது, வேண்டாதது மிகப் பெரிது. இச்சிறியதை அழியாமல் மீட்பதே ஆராய்ச்சியாளரின் தவம்.

1940-இல் நியூயார்க்கை அடுத்த பேர்ல் ரிவர் என்னுமிடத்திலுள்ள லெடர்லே மருந்து ஆய்வுச்சாலையிற் சேர்ந்து, விரைவில் அதன் ஆராய்ச்சிப் பகுதிக்கே தலைவரானார். ஈரற் சாரத்திலும் கீரையிலும் நுண்ணளவாக உள்ள போலிக் அமிலம் என்னும் உயிர்ச்சத்தை அவர் குழுவினர் ஆராய்ந்தனர். 1945-இல் அதனைச் செயற்கையாகவே இயற்றும் முறையை வெளியிட்டனர். அச்சத்து ஸ்புரூ நோயாளரின் வெளிறிய இரத்தத்தைத் தேற்றியதை ஸ்பீஸ் முதலிய வைத்தியர் நிறுவினர். தம் சகோதரரைக் கொன்ற நோய்க்கு ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்குப் பின்னர் தம் ஆய்வுச்சாலையிலேயே மருந்து பிறந்ததைச் சுப்பாராவ் கண்டார். இறந்தோர் மீளவில்லை, ஆயினும் அவ்விருவர் பட்ட துன்பம் பிறர் படாதிருக்க வழி பிறந்தது.

அப்போது உலகில் கிருமிக்கொல்லி மருந்துகளின் யுகம் தொடங்கியிருந்தது. பெனிசிலின் சில கிருமிகளை மாத்திரமே அழித்தது. 1943-இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் ஆய்வுச்சாலையில் ஷாட்ஸ், வாக்ஸ்மன் ஆகியோர் மண்ணில் வாழும் நுண்ணுயிரினின்றும் ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டனர். அது க்ஷயரோகக் கிருமியையும் எதிர்த்தது. தாம்பரத்தில் 1928-இல் நிறுவப்பெற்றது போன்ற க்ஷயரோக ஆஸ்பத்திரிகளில் நற்காற்றும் நல்லுணவும் ஓய்வுமன்றி வேறு மருந்தறியாது கிடந்த நோயாளிகளுக்கு அஃது எத்தகைய செய்தி என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஆயின் மருந்து கண்டறிதல் வேறு. அதனைத் தூய்மை செய்தல் வேறு. நுண்ணுயிர் வளர்ந்த தொட்டியிலுள்ள குழம்பில் மருந்து சிறுபங்கே; உப்பும் சர்க்கரையும் புரதமும் நிறமும் எஞ்சியவை. அசுத்த மருந்தை ஊசியாக ஏற்றின் வலியும் காய்ச்சலும் உண்டாகும். முதலில் மரக்கரித்தூளில் மருந்தைப் பற்றச் செய்து, பின்னர் அமிலங் கலந்த சாராயத்தால் கழுவி எடுத்தனர். அதில் சேதமும் செலவும் மிகுதி. இவ்விடர்ப்பாட்டை நீக்க வந்ததே அயனிப் பரிமாற்றப் பிசின் என்னும் அரிய சாதனம்.

அதன் தத்துவத்தை நம் உழவர் வயலிலேயே காணலாம். எருவிலுள்ள அம்மோனியாவை மழைநீர் முழுதும் அடித்துச் செல்வதில்லை. களிமண் அதனைப் பற்றிக்கொண்டு, அதற்கு ஈடாகச் சுண்ணாம்பை நீருக்கு விட்டுக்கொடுக்கின்றது. 1850-ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் தாம்சனும் வேயும் இதனை ஆராய்ந்து நிறுவினர். 1935-இல் ஆடம்ஸ், ஹோம்ஸ் என்னும் இருவர் அவ்வியல்பு செயற்கைப் பிசினுக்கும் உண்டெனக் காட்டினர். உடைந்த கிராமபோன் தட்டின் துகளில் அவர்கள் இதனை முதலிற் கண்டனரென்பர்.

கேழ்வரகு போன்ற சிறு மணிகளாகிய இப்பிசின் உயர்ந்த குழாயில் நிரப்பப்படும். ஸ்ட்ரெப்டோமைசின் நீரில் நேர்மின்னேற்றம் உடையது. பிசினிலுள்ள கார்பாக்சிலிக் அமிலத் தொகுதிகள் எதிர்மின்னேற்றம் உடையன. குழம்பை மேலிருந்து விட்டால், பிசின் தன்னிடமுள்ள சோடியத்தை விட்டு மருந்தைப் பற்றும். மின்னேற்றமில்லாத சர்க்கரை முதலியன தடையின்றிக் கீழே ஒழுகிவிடும். நீரால் கழுவியபின் நீர்த்த அமிலத்தை விட்டால், அமிலத்தின் ஹைட்ரஜன் பிசினில் குடிபுக, மருந்து செறிந்த கரைசலாய் வெளிப்படும். வலிய அமிலத்தன்மையுள்ள பிசின் மருந்தை இறுகப் பற்றி விடாது. ஆகவே மெல்லிய அமிலத்தன்மையுள்ளதே இப்பணிக்கு உகந்ததாயிற்று. பற்றுவதற்கும் வேண்டியபோது விடுவதற்கும் ஒருங்கே வல்லதே சிறந்த கருவி என்னும் இவ்வுண்மை இரசாயனத்துக்கு மட்டும் உரியதன்று.

சுப்பாராவ் மறைந்த காலத்தையொட்டியே இம்முறை மருந்துச்சாலைகளில் வேரூன்றியது. ஆகவே அதனை அவர் கண்டறிந்தாரென்று நாம் கூறவில்லை. அவர் செய்த பணி வேறு. ஓய்வு பெற்று எழுபது வயது கடந்த தாவர அறிஞர் பெஞ்சமின் டக்கர் என்பவர்க்கு லெடர்லேயில் இடமளித்தனர். பல ஊர் மண்ணைச் சோதித்த அம்முதியவர், மிஸௌரி சர்வகலாசாலையின் பழைய வயல் மண்ணினின்றும் பொன்னிறமான ஒரு நுண்ணுயிரைப் பெற்றார். அதன் சாரமே ஆரியோமைசின். பொன் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லே அப்பெயருக்கு அடியாகும். பெனிசிலினுக்கு அடங்காத பல கிருமிகளை அது அடக்கியது. வாய்வழியே உட்கொள்ளவும் ஏற்றதாயிருந்தது. டெட்ராசைக்ளின் குடும்பம் எனப் பின்னர் வழங்கிய மருந்துகளுக்கு அதுவே மூத்தது. 1994-இல் சூரத் நகரில் கொள்ளைநோய் அச்சம் பரவியபோது மக்கள் நாடிச் சென்ற மாத்திரைகள் அக்குடும்பத்தவையே.

அவர் தலைமையில் வேறு மருந்துகளும் பிறந்தன. யானைக்கால் நோயின் புழுக்களை அழிக்கும் ஹெட்ரஸான் 1947-இல் வெளிவந்தது. நம் கடலோர மாவட்டங்களில் வீடுதோறும் வழங்கப்பெற்ற யானைக்கால் மாத்திரை அதுவேயாகும். போலிக் அமிலத்தின் அமைப்பைச் சிறிது மாற்றி இயற்றிய அமினாப்டெரின் என்னும் பொருளைப் பாஸ்டனில் டாக்டர் சிட்னி பார்பர் இரத்தப் புற்றுநோயுற்ற 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். அவருள் 10 பேர்க்கு நோய் சிறிது காலம் தணிந்தது என்பதை 1948-இல் வெளியிட்டார். நிலையான குணமன்று, ஆயினும் அந்நோய் மருந்துக்குப் பணியும் என்பதற்கு அதுவே முதற் சான்று. அதன் வழிவந்த மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் வழங்குகின்றது.

1948 ஜூலையில் ஆரியோமைசின் நியூயார்க்கில் அறிஞர் சபையில் அறிவிக்கப்பெற்றது. அடுத்த மாதமே, ஆகஸ்டில், சுப்பாராவ் தம் உறக்கத்திலேயே மாரடைப்பால் உயிர் நீத்தார். அப்போது அவர்க்கு வயது 53. தாய்நாடு விடுதலையடைந்து ஓராண்டுகூட நிரம்பவில்லை. அமெரிக்கக் குடியுரிமை பெறச் சட்டம் இடமளித்த பின்னரும் அவர் அதனைப் பெற்றாரில்லை. இந்தியராகவே வாழ்ந்து இந்தியராகவே இறந்தார். ஆயினும் இந்தியாவுக்கு ஒருமுறையேனும் திரும்பினாரில்லை.

ஈண்டு நாம் ஒருவரை மறத்தலாகாது. சில ஆண்டுகளில் வருவதாகச் சென்ற கணவரை எதிர்நோக்கி வாழ்ந்த சேஷகிரி அம்மையார் அவரை மீண்டும் காணவேயில்லை. உலகம் பெற்ற மருந்துகளின் விலையில் பெரும்பங்கு அவ்வம்மையாரின் தனிமையால் செலுத்தப்பெற்றது. சுப்பாராவின் தியாகத்தைப் புகழும் நாம், தாமே விரும்பி ஏற்காத தியாகத்தைச் செய்த அவரையும் அதே மூச்சிற் கூறுதல் நியாயம். பெரியோர் சரிதத்தைக் குறையின்றிக் கூறுவது அவர்க்குச் செய்யும் மரியாதையேயன்றி இழுக்கன்று.

புகழ் அவரைத் தேடி வந்தது தாமதமாகவே. 1953-இல் ஒரு பூஞ்சைக் காளானுக்கு அவர் பெயரைச் சூட்டினர். அவர் நூற்றாண்டாகிய 1995-இல் இந்திய அரசாங்கம் தபால் தலை வெளியிட்டது. அறிஞர் உலகின் உயர்ந்த பரிசெதுவும் அவருக்குக் கிட்டவில்லை. இதற்கிடையே நம் நாடும் பிறர் கையை எதிர்பாராது மருந்து செய்யத் தொடங்கியது. 1954-இல் பூனாவை அடுத்த பிம்பிரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்னும் அரசாங்கத் தொழிற்சாலை அமைந்தது. பெனிசிலினும் பின்னர் ஸ்ட்ரெப்டோமைசினும் அங்கே செய்யப்பெற்றன.

மாணவ நண்பர்களே! இச்சரிதத்தினின்றும் நாம் கொள்ளத்தக்கவை மூன்று. பரீக்ஷையில் தவறுதல் வாழ்க்கையில் தவறுதலன்று என்பது முதலாவது. இருமுறை தவறியவரே ஏ.டி.பி.யைக் கண்டார். கல்விக்கு ஈயும் பொருள் எங்கே எப்போது காய்க்குமென்று அறியவொண்ணாது என்பது இரண்டாவது. ஆகவே இக்கல்லூரியின் பழைய மாணவர் ஒரு வறிய பிள்ளைக்குக் கட்டும் சம்பளத்தைச் சிறிதென்று எண்ணற்க.

மூன்றாவது நம் ஒவ்வொருவர் கையிலும் உள்ளது. இத்தனை பேர் உறக்கமிழந்து பிரித்தெடுத்த மருந்துகளை நாம் அலட்சியமாய் வழங்குகின்றோம். தடுமனுக்கும் உடல்வலிக்கும் வைத்தியரைக் கேளாது கடையில் வாங்கி விழுங்குகின்றோம். வைத்தியர் கொடுத்ததையும் காய்ச்சல் தணிந்தவுடன் பாதியில் நிறுத்துகின்றோம். வேண்டாதபோது உண்ணும் ஒவ்வொரு மாத்திரையும் கிருமிகளுக்குப் போர்ப்பயிற்சி அளிப்பதாகும். பயின்ற கிருமியை அம்மருந்து மீண்டும் வெல்லாது. முன்னோர் அரிதிற் சேர்த்த செல்வத்தைச் சூதில் தோற்ற மைந்தர் என்னும் பழி நம் தலைமுறையைச் சாராதிருக்க வேண்டும்.

திருவெண்ணெய்நல்லூரார் தம் ஊரில் வாழ்ந்த வள்ளலின் பெயரை இத்தனை நூற்றாண்டுகளாக மறந்தாரில்லை. பீமவரத்தில் பிறந்து, சென்னையில் பயின்று, உலகுக்கே வள்ளலாய் மறைந்த இப்பெரியாரின் பெயரும் நம் நாவில் நிலைப்பதாக. மருந்துண்டு நோய் தீர்ந்து எழுந்த ஒருவர், ஒருமுறையேனும் அவரை நினைத்துக் கொள்வாராயின், இச்சிறு கட்டுரை தன் பயனைப் பெற்றதாகும்.